மாப்பிள்ளை வீட்டுக்கு ஊற்றிய சர்பத்

என் கையால் சாப்பிட்டு இதுவரை ஒருத்தருக்கும் வயிறு கெட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் அப்படி இப்படி என்று பேசக்கூடாது. கோவில் திருவிழாவுக்கு அண்டா அண்டாவாகப் பொங்கிப் போட்டவள் நான். கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில், குப்பத்து ஜனமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கிடந்தபோது, அத்தனை பேருக்கும் சோறு வடித்தவளும் இந்த ஆனந்தம்மாள்தான். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, என் மகளைக் கட்டிக்கொடுக்க இருக்கும் வீட்டுக்காரி ராசம்மாள் போனில் கேட்டாள்:

"ஏம்மா, நிச்சயம் பண்ணக் கூப்ட்டியா, இல்ல எங்கள ஒரேடியா அனுப்பி வைக்கக் கூப்ட்டியா?"

போன் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையுடையது. அவள் துணி மடிப்பதுபோலப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்தாள்.

சுனாமி போன அடுத்த சித்திரை அது. மரக்காணத்து உப்பளத்தில் வேலை மும்முரமாக நடக்கிற காலம். என் வீட்டுக்காரர் சவரிமுத்து உப்பு வாருகிறவர், நான் சுமக்கிறவள். எங்களுக்கு ஒரே மகள் ஆன்மேரி. குயிலாப்பாளையத்தில் ஒரு தையல் கூடத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிரம்மதேசத்துப் பாஸ்கலுக்கும் ராசம்மாளுக்கும் பிறந்த ரெக்ஸ், மீன் கம்பெனி வண்டி ஓட்டுகிறவன். அவனுக்குப் பேசி முடித்து, புதன்கிழமை எங்கள் வீட்டில் நிச்சயம் பண்ணினோம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்று ஞாயிறு வாசித்தால்தான் எங்களில் கல்யாணம். நிச்சயம் பண்ணிவிட்டு ஓலை நின்றுபோனால், அந்தப் பெண்ணைப் பற்றி ஊர் என்னவெல்லாம் பேசும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இது வியாழக்கிழமை சாயந்திரம். ராசம்மாள் போனில் மூச்சு வாங்கினாள்.

"வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு வயித்தால போவுது. எங்க வீட்டுக்காரரு சொம்ப கீழ வெக்கல. என் நாத்தனாருக்கு குளுக்கோஸ் ஏத்தியிருக்குது. பழைய மீன வாங்கிப் போட்டு ஏமாத்திட்டீங்க. ஞாயித்துக்கெழமை ஓலைய நிறுத்தச் சொல்லப்போறேன்."

பழைய மீன்! கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் பழைய மீன் வாங்குவேனா? எனக்கு உச்சி மண்டை சுர்ரென்றது.

"இந்தா அண்ணி, ஒரே அண்டா, ஒரே கரண்டி. எங்க பக்கத்துல பால்குடி மறந்த புள்ளைங்ககூடத் தின்னுச்சுங்க. மிச்சக் கொழம்ப இன்னிக்குக் காலையில சுட வெச்சும் சாப்பிட்டோம். எங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல. அப்டின்னா கோளாறு எங்க அண்டாவுல இல்ல, உங்க வயித்துல!"

போன் வைக்கப்பட்டது. பாஞ்சாலை துண்டைக் கீழே வைத்தாள்.

"ஏங்க்கா, சம்மந்திகிட்ட இப்டியா பேசுவாங்க?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வயித்த வெச்சிக்கத் தெரியல, கொழம்பக் குத்தம் சொல்றா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு ஞாயிற்றுக்கிழமை ஓலையையே எண்ணிக்கொண்டு வந்தது. சொன்னதைக் கேட்டு மேரி உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரரோ மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "பசிக்கல, மடை தொறந்திருக்குதான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று உப்பளத்துப் பக்கம் கிளம்பிவிட்டார். இருட்டுகிற நேரத்தில் என்ன மடை என்று நான் நினைத்தேன். மகள் கல்யாணக் கவலை, மனுஷன் தனியாகப் போய் அழுகிறார் போலிருக்கிறது என்று பாவப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் காலையில் டிவிஎஸ் வண்டியில் ஒரு பையன் வந்து இறங்கினான். ஹெல்த் இன்ஸ்பெக்டராம், பேர் சித்தார்த்தன். தோள்பையில் மூடி போட்ட குப்பிகள் கடகடவென்று ஆடின. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் என் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் சர்க்கார் வண்டியைப் பார்த்ததும் தெருவே எனக்குத் துணையாக வந்து நின்றது. வேடிக்கை பார்க்க வந்தார்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

"அம்மா, அன்னிக்கு என்னென்ன சமைச்சீங்க?"

"வா தம்பி, வா. இதோ அண்டா. இதோ கரண்டி. மோந்து பாரு. நக்கிக்கூடப் பாரு."

அவன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்தான். மீன் யார் சாப்பிட்டது, கறி யார் சாப்பிட்டது, தண்ணீர் எந்தக் குடம். எல்லாவற்றுக்கும் இரண்டு வீட்டாரும் என்றே பதில் வந்தது. நான் இடுப்பில் கை வைத்து நின்றேன். கடைசியாக அவன் கேட்டான்: "மாப்பிள வீட்டுக்காரங்களுக்கு மட்டும் தனியா ஏதாவது குடுத்தீங்களா?"

"தனியா என்ன குடுத்தோம்? வந்ததும் மரியாதைக்கு சர்பத் குடுத்தோம். நன்னாரி, எலுமிச்சங்கா, ஐஸ் போட்டு."

"உங்க பக்கம் யாரும் குடிக்கலியா?"

"எப்டிக் குடிப்பாங்க? நான்தான் குண்டான் பக்கத்துலயே கரண்டியோட நின்னேனே. மாப்பிள வீட்டுக்கே பத்துமோ பத்தாதோன்னு இருக்குது, நம்மாளு ஒருத்தன் கை வெச்சாலும் முட்டியப் பேத்துடுவேன்னு சொல்லிட்டேன்."

சொல்லி முடிக்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

"ஐஸ் ஏதும்மா?"

"இவரு வாங்கியாந்தாரு, கடையில. யோவ், எந்தக் கடைய்யா?"

என் வீட்டுக்காரர் மூலையிலிருந்து எழுந்தார். வாயைத் திறந்தார். முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டது. "மடையப் பாத்துட்டு வந்துடறேன்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரைப் பக்கம் ஓட்டமாக ஓடினார்.

சித்தார்த்தன் அவர் போன திசையையே பார்த்தான். "இவரும் சர்பத் குடிச்சிருக்காரு போல" என்றான்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? விருந்து முடிந்து நான் வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போன நேரத்தில், குண்டானை அப்படியே சாய்த்து அடியில் கிடந்ததைக் குடித்திருக்கிறார். வியாழன் காலையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. என்னிடம் சொன்னால் முட்டியைப் பேர்த்துவிடுவேன் என்று பயந்து, மடை, மதகு, வாய்க்கால் என்று நாளைக் கடத்தியிருக்கிறார்.

திரும்பி வந்தவரை உட்காரவைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஒரு சொம்பு நிறைய நீட்டினேன். "குடிய்யா. உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆவணும். குடிச்சிட்டு உள்ளத உள்ளபடி சொல்லு."

குடித்துவிட்டுச் சொன்னார். ஐஸ் கடையில் வாங்கியது இல்லை. மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ் பாளம். உப்பளத்து மேட்டில் சாக்கில் சுற்றி வைத்திருந்ததைப் போய் எடுத்து வந்திருக்கிறார். சாக்கைப் பிரித்தால் ஐஸில் மீன் செதிள் ஒட்டியிருந்திருக்கிறது. இப்படியே கொண்டுபோனால் ஆனந்தம்மா கொன்றுவிடுவாள் என்று, நன்றாகக் கழுவியிருக்கிறார்.

"எதுலங்க கழுவினீங்க?" என்றான் சித்தார்த்தன்.

"வாய்க்கால்லதான் சார். கடல் தண்ணி ஏறி நிக்கிற கழியிலேர்ந்து பாத்திக்கு உப்புத் தண்ணி வருதுல்ல, அதுல. நல்லா முக்கி முக்கி எடுத்தேன். உப்புல எந்தக் கிருமியும் பொழைக்காது சார். எங்களுக்கு அது தெரியாதா?"

அதைச் சொல்லும்போது அந்த மனுஷனுக்கு அந்த நிலையிலும் ஒரு பெருமை. அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் அப்படித்தான். காலில் முள் குத்தினால் பாத்தித் தண்ணீர், பல் வலித்தால் பாத்தித் தண்ணீர், கருவாட்டைக் காப்பாற்றுவதும் எங்கள் உப்பு. கிருமி என்று ஒன்று இருந்தால் அது எங்கள் எல்லைக்கு வெளியேதான் இருக்க வேண்டும் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"பாத்தியில காயற உப்புல சாவும், வாஸ்தவம்தான்" என்றான் சித்தார்த்தன். "ஆனா கழியில இருக்கறது அந்த அளவு உப்பு இல்ல. அந்த லேசான உப்புத் தண்ணியிலயே குடியிருக்கற கிருமி ஒரு ஜாதி இருக்குது. மீன் மேல, நண்டு மேலல்லாம் இருக்கும். அதுக்கு உப்பு இல்லாட்டித்தான் கஷ்டம். போதாக்குறைக்கு வாய்க்கால் கரையில காலையில யார் யார் குந்துறாங்க?"

தெரு முழுவதும் தலையைக் குனிந்துகொண்டது.

"ரிப்போர்ட் வந்தாத்தான் எந்தக் கிருமின்னு உறுதியாச் சொல்ல முடியும். எதுவானாலும் கிருமிக்குக் கால் கிடையாதும்மா. தண்ணில, ஐஸுல, கையில, ஈ மேல நாமதான் ஏத்தி அனுப்பறோம்."

"கால் இல்லாததே பிரம்மதேசம் வரைக்கும் போயிட்டு வந்துருச்சே தம்பி" என்றேன்.

கிளம்பும் முன், வெளியே போய்விட்டு வந்தால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், வீட்டில் சோப்பு இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, பெட்டி நிறைய. சுனாமிக்கு அப்புறம் வந்த வண்டிகளில் பாதி சோப்புதான் கொண்டுவந்தன. ஒன்றைக்கூடப் பிரிக்காமல் மேரியின் சீருக்கென்று டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன். "அது சீருக்கு" என்றேன். அவன் அந்தக் குப்பிகளில் ஒன்றை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, எதற்கென்று காதில் சொன்னான். மனுஷன் முகம் மாப்பிள்ளை போலச் சிவந்துவிட்டது.

சனிக்கிழமை மூன்று பேரும் பிரம்மதேசத்துக்குப் பஸ் ஏறினோம். மறுநாள் ஓலை. தப்பு எங்கள் பக்கம்தான் என்று ஆன பிறகு, நான் போய் ராசம்மாள் முன்னால் நின்று தலை குனிந்தாக வேண்டும். பிறந்ததிலிருந்து நான் யாரிடமும் தலை குனிந்ததில்லை, சாமியாரிடம்கூடப் பாவசங்கீர்த்தனத்தில் கொஞ்சம் வாதாடித்தான் சொல்வேன். ஆனால் மகள் வாழ்க்கை. எங்கள் உப்பு ஒரு படியும் சர்க்கரை ஒரு பொட்டலமும் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த வீட்டில் பாஸ்கல் கட்டிலில் துவைத்த துணியாகக் கிடந்தார். ராசம்மாள் பாயில், தலைவிரி கோலமாக. ரெக்ஸ் உள்ளே எங்கேயோ இருந்தான்.

"எதுக்கு வந்த? மிச்சம் மீதி யாராவது நடமாடறாங்களான்னு பாக்க வந்தியா?"

நான் வாயைக் கடித்துக்கொண்டேன். "அண்ணி, நான் போன்ல பேசினது தப்பு. மீனுல ஒண்ணும் இல்ல. சர்பத்ல போட்ட ஐஸு மீன் ஐஸு. இந்த மனுஷன் அத வாய்க்கால்ல வேற கழுவிட்டாரு. எங்க தப்புதான்."

"மீன் ஐஸா!" ராசம்மாளுக்கு எங்கிருந்து அந்தத் தெம்பு வந்ததோ, எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "மாப்பிள வீட்டுக்காரங்களுக்கு மீன் பொட்டியில கெடந்த ஐஸு! நாங்க என்ன கெளுத்தியா, கெழங்காவா? எவன் குடுத்தான் அந்த ஐஸ? அவன் பேரச் சொல்லு, அவன் கையில கட்டி வர!"

என் வீட்டுக்காரர் மேரியைப் பார்த்தார். மேரி தரையைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாக்கில் சுற்றிய ஐஸ் தானாகவா உப்பளத்து மேட்டில் முளைத்தது? கேட்க மறந்தேனே!

உள்ளேயிருந்து ரெக்ஸ் வந்தான். கன்னம் ஒட்டிப்போய், லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

"யம்மா, சாபம் வுடாத. நான்தான் குடுத்தேன். என் வண்டியிலேர்ந்து எடுத்தாந்து வெச்சேன்."

"நீயா? நீ எதுக்குடா வெக்கணும்?"

"நான்தான் கேட்டேன் அத்த" என்று மேரி முன்னால் வந்தாள். "நீங்க உச்சி வெயில்ல வருவீங்க, சில்லுனு ஏதாவது குடுக்கணும்னு தோணிச்சு. எலுமிச்சங்கா போட்ட நன்னாரி சர்பத்துன்னா உங்களுக்கு உசுருன்னு இவருதான் பஸ் ஸ்டாப்புல சொன்னாரு."

"எவரு?"

"இவரு."

எல்லோரும் திரும்பி அந்த இவரைப் பார்த்தோம், ரெக்ஸை. ஓலை வாசிப்பதற்கு முன்பே பஸ் ஸ்டாப்பில் ஒரு நிச்சயம் நடந்திருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்று இரண்டும் முன்பின் தெரியாததுபோல உட்கார்ந்திருந்ததே! கையில் காபித் தட்டு நடுங்கியதே!

கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. பாஸ்கல் சிரித்துக்கொண்டிருந்தார். "வண்டி நம்புளுது, வாய்க்கா அவங்குளுது. கிருமிகூட ரெண்டு வூட்லயும் கேட்டுத்தான் வந்திருக்குது ராசம்மா" என்று சொல்லிச் சிரித்தவர், சட்டென்று சிரிப்பை நிறுத்தி, சொம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினார்.

ராசம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. மேரியையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பாயில் திரும்பிப் படுத்து, "நாளைக்குக் கோவில்ல பாத்துக்கலாம். போய்ட்டு வாங்க" என்றாள், சுவரிடம்.

பஸ்ஸில் மேரி என் தோளில் சாய்ந்துகொண்டு, "நான் கேட்டிருக்கக் கூடாது, இல்லம்மா?" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வராததுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் பெண் ஒருத்திக்கு நல்லது நினைக்கப் போய், அது இவள் தலையிலேயே விழுந்ததே என்று அவள் முடியைக் கோதிக்கொண்டே வந்தேன்.

ஞாயிறு காலை டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு சோப்பை எடுத்தேன். கல்யாணமே நிற்கும்போல இருக்கிறது, சீர் சோப்பை வைத்துக்கொண்டு யாரைக் கழுவுவது? என் வீட்டுக்காரருக்கு இன்னும் முழுசாகத் தேறவில்லை. கோவிலில் எழுந்து ஓடினால் கையையாவது கழுவட்டும் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

பிரம்மதேசத்துக்காரர்களும் எங்கள் கோவிலுக்குத்தான் பூசைக்கு வருவார்கள். ராசம்மாள் வந்திருந்தாள். பெண்கள் பக்கத்தில், எனக்கு முன் வரிசையில், முக்காடு போட்டு. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பூசை முடிகிற நேரத்தில் சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓலையை எடுத்தார். இரண்டு பேரையும் வாசித்தார். "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

ராசம்மாள் எழுந்து நின்றாள்.

மாதாவே! கோவில் முழுவதும் திரும்பியது. சாமியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பக்கத்தில் மேரியின் கை ஐஸாக ஜில்லிட்டது. ராசம்மாள் சாமியாரைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், பிறகு முக்காட்டை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பக்கவாசல் வழியாக ஒரே ஓட்டம்.

நானும் பின்னாலேயே ஓடினேன். கோவிலுக்குப் பின்புறம் கக்கூஸ் கதவு படாரென்று சாத்தியது. நான் குழாயடியில் சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, யாருக்காக ஜெபிக்கிறோம் என்றே தெரியாமல் ஜெபித்துக்கொண்டு நின்றேன். உள்ளே சாமியார் ஆசீர்வாதம் சொல்லும் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன். சோப்பின் உறையைக் கிழித்து நீட்டினேன். வாங்கி நுரைக்க நுரைக்கத் தேய்த்தாள்.

"எதுக்குப் பின்னாலயே ஓடியாந்த?"

"தடை சொல்லத்தான் எழுந்தீங்கன்னு நெனச்சேன் அண்ணி."

"தடை சொல்றவ நின்னு சொல்ல மாட்டேனா? ஓடிக்கிட்டா சொல்வேன்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் முந்திக்கொண்டது. அவள் சோப்பைத் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"நானும் இத்தினி வருசமா வெயில்லதான் போறேன் வர்றேன். ராசம்மா, ஒரு வாய் சில்லுனு குடிச்சிட்டு உக்காருன்னு எங்க வீட்ல ஒருத்தனுக்கும் தோணினதில்ல. கட்டினவனுக்கும் தோணல, பெத்த மவனுக்கும் தோணல. உம் பொண்ணுக்குத் தோணியிருக்குது. வயிறு போனாப் போவுது. இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்து, சம்மந்தி."

அதுவரை அவள் என்னை ஏம்மா என்றுதான் கூப்பிட்டிருந்தாள். நான் சொம்பைச் சாய்த்த வேகத்தில் தண்ணீர் பாதி அவள் புடவையில் கொட்டியது.

"கல்யாணத்துக்கு சர்பத் வேணாம்" என்றாள் கையை உதறிக்கொண்டே. "சூடா டீ போட்டுடு. கொதிக்கக் கொதிக்க. நான் பக்கத்துல நின்னு பாப்பேன்."

சரி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் ஈரச் சோப்பை உறையில் சுற்றி, சுருக்குப் பையில் போட்டு முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் திருப்பிக் கேட்கவில்லை. மேரியின் சீரில் முதலில் போய்ச் சேர்ந்தது அதுதான்.